அறுபத்து நாலு கே-யில் அடங்காத ரத்தப் பட்டியல்

தருமபுரியில் ஒரு நர்ஸிங் ஹோமுக்கு, ரத்தம் கொடுக்க முன்வந்தவர்களின் பட்டியலைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுத்ததாக எழுதியிருந்தேனே... அசெம்பிளி என்ற கம்ப்யூட்டர் மொழியில் நானே எழுதிய ப்ரோக்ராம். பெருமையடித்துக்கொண்டேன்.

போன செவ்வாய் மதியம் பிரிண்டருக்கு ரிப்பன் மாட்ட அங்கே போனேன். சித்தேரி மலையிலிருந்து வந்த பெண்ணுக்குப் பிரசவம் ஆகி, ரத்தப்போக்கு நிற்கவில்லை. ஓ நெகட்டிவ் வேண்டும். கீயைத் தட்டினேன். நல்லம்பள்ளி கோவிந்தன் என்று வந்தது. போன் போட்டதும் ஓடி வந்தார்.

லேப் டெக்னீஷியன் ஷமீம் அவர் ரத்தத்தைச் சோதித்துவிட்டு என்னிடம் வந்தார்.

"சார், இவருக்கு பி பாசிட்டிவ்ங்க."

"அப்படித்தானுங்க நானும் எழுதிக் குடுத்தேன்" என்றார் கோவிந்தன்.

திரையை மறுபடி பார்த்தேன்; ஓ நெகட்டிவ் என்றேதான் காட்டியது.

வெளியே வந்தால், அந்தப் பெண்ணின் கணவர் என்னை டாக்டர் என்று நினைத்து எழுந்தார். "பொழச்சுக்குவாளாங்க?"

நான் திரும்ப உள்ளே ஓடினேன். கம்ப்யூட்டர் வருமுன் பட்டியலை எழுதி வைத்திருந்த பழைய நோட்டை ஷமீமும் நானும் புரட்டினோம். கடைசிப் பக்கத்தில் இருந்தார் பஸ் ஸ்டாண்ட் வாட்ச் கடை அன்வர் — ஓ நெகட்டிவ். கம்ப்யூட்டரோ அவரை ஏ பாசிட்டிவ் ஆக்கியிருந்தது.

அன்வர் கடையை அப்படியே போட்டுவிட்டு வந்தார். அந்தப் பெண் பிழைத்துக்கொண்டாள்.

மறுநாள்தான் காரணம் பிடிபட்டது. ப்ரோக்ராமை 'காம்' என்ற சின்ன வகைக் கோப்பாகச் செய்திருந்தேன். அதில் கட்டளைகள், பட்டியல், ப்ரோக்ராம் வேலை நடுவே குறிப்பெழுதிக்கொள்ளும் ஸ்டாக் — எல்லாமே அறுபத்து நாலு கே, அதாவது கிலோபைட், இடத்துக்குள் அடங்க வேண்டும். ஸ்டாக் மேலிருந்து கீழே இறங்கும். பட்டியல் கீழிருந்து மேலே வளரும். பெயர்கள் சேரச் சேர இரண்டும் முட்டிக்கொண்டன. கடைசிப் பெயர்களின் ரத்த வகை மேல் ஸ்டாக் வேறு எண்ணை எழுதிவிட்டது.

இப்போது பெரிய ப்ரோக்ராம்களுக்கான 'எக்ஸி' கோப்பாக மாற்றிவிட்டேன். மூன்றுக்கும் தனித்தனி செக்மென்ட் — ஒவ்வொன்றுக்கும் அறுபத்து நாலு கே இடம். அதோடு, பட்டியல் தன் செக்மென்டைத் தாண்டப் போனால் ப்ரோக்ராம் நின்றுவிடும்.

ஷமீமிடம் கேட்டேன், "நீங்க சோதிக்காம விட்டிருந்தா?"

"சோதிக்காம யாருங்க ஏத்துவாங்க?" என்றார். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார்.

பாதியில் நின்றுபோகிற ப்ரோக்ராம் கூடப் பரவாயில்லை — தப்பை நிதானமாகச் சொல்கிறதே, அதற்குத்தான் பயப்பட வேண்டும்.