பருவுக்கு மருந்து விற்ற பருக்காரி

மெடிக்கல் கடையில் நிற்கிறவளுக்குத் தலை வலித்தால் யாருக்கும் தெரியாது, வயிறு வலித்தாலும் தெரியாது, பரு வந்தால் மட்டும் கடைக்கு வருகிற அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும்.

நான் நிற்பது தேயிலை மலைமேல், சூரியநெல்லியில். படிப்பு எட்டாவதோடு சரி. மாத்திரை, மருந்தெல்லாம் முதலாளியான மலையாளத்துச் சேச்சி பொறுப்பு. அவர் அதற்குப் படித்தவர். சோப்பு, பவுடர், முகத்துக்குப் பூசுகிறது எல்லாம் என் அலமாரி. பிள்ளைக்குப் பால் மறக்கடித்த கையோடு என் தாடை முழுக்கப் பரு கிளம்பிவிட்டது. நான் ஏற்கெனவே யாரையும் நிமிர்ந்து பார்த்துப் பேசுகிறவள் இல்லை. பரு வந்த பிறகு மேசை டிராயரிடம்தான் பேசினேன். வீட்டுக் கண்ணாடியை நீங்களும் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்திருந்தால் நாம் ஒரே கட்சி.

கெடு

ஒருநாள் சேச்சி என் முகத்தையும் பரு கிரீம் அலமாரியையும் மாறி மாறிப் பார்த்தார். எனக்குப் புரிந்துவிட்டது. கவுண்டரில் நின்றால் ரோட்டுக்கு எதிரே எஸ்டேட்டில் பிள்ளைகளை விடுகிற கிரீச் வாசல் தெரியும். என் பிள்ளை மண் தின்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். பின்னால் குடோனில் ஜன்னலே கிடையாது. சேச்சி சிரித்துக்கொண்டேதான் சொன்னார்: “மோளே, ஓணம் வரைக்கும் பாப்போம். போகலைன்னா நீ உள்ளே பெட்டி பிரிச்சா மதி.” அதாவது, குடோனில் பெட்டி பிரித்தால் போதுமாம்.

நெற்றிப் பட்டை

கொழுந்து எடுக்கிற மாரியக்கா தன் கூட்டத்தோடு சண்டைக்கு வந்தார். ஐந்து பேருக்கும் பரு. என் கிரீம் டூப்ளிகேட்டாம். ஓரக்கண்ணால் பார்த்தேன். கன்னம் பளிச்சென்று இருக்கிறது, தாடையில் ஒன்றுமில்லை. நெற்றியில் மட்டும், தலைத்துணி இறுக்கிக் கட்டுகிற இடத்தில், அளந்து வைத்தமாதிரி ஒரு பட்டை.

துணியைத் துவைத்து எத்தனை நாளாச்சு என்று டிராயரிடம் கேட்டேன். தேங்காயெண்ணெயும் வியர்வையும் ஊறிப்போன துணியை நாள் முழுக்க நெற்றியில் தேய்த்தால் எந்தக் கிரீம் கேட்கும்? தினம் துவைத்து மாற்றிக் கட்டுங்கள், எண்ணெயை வேலை முடிந்து வந்து வையுங்கள் என்றேன். மாரியக்கா நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்: “அடி இவளே, அது என் ராசித் துணிடி! துவைச்சா கொழுந்து எடை குறைஞ்சுரும்!”

சிவப்புத் துண்டு

போடிமெட்டுக்கு ஜீப் ஓட்டுகிற முருகேசன் அண்ணனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. டாக்டர் சீட்டில் எழுதின ஜெல்லைச் சேச்சி கொடுத்தார். பட்டாணி அளவு போதும், துணியில் பட்டால் சாயம் போகும் என்று நான் சொன்னேன். நான் சொன்னது எனக்கே கேட்டிருக்காது. அவர் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிறமாதிரி அப்பிக்கொண்டு, சிவப்பு யூனியன் துண்டைத் தலைக்கு வைத்துத் தூங்கியிருக்கிறார். நாலாம் நாள் துண்டை உதறிக் காட்டினார். சிவப்பு போய் அங்கங்கே காவி. “பரு அப்படியே கெடக்கு, ஸ்டாண்டுல எல்லாப் பயலும் நான் கட்சி மாறிட்டேங்கிறான்!”

மூன்றே நாள்

ஊருக்கெல்லாம் புத்தி சொன்னவள் என்ன செய்தேன் தெரியுமா? ஓணம் நெருங்க நெருங்கப் பயம். பக்கத்து லயத்து வீட்டுப் பெண் சந்தையில் வாங்கின ஒரு டப்பா கொடுத்தாள், மேலே பெயர்கூட இல்லை. மூன்று நாளில் முகம் பளபளத்தது. சேச்சியே மெச்சினார். டப்பா தீர்ந்தது, போன பருவெல்லாம் உறவுக்காரர்களைக் கூட்டிக்கொண்டு திரும்பியது. எரிச்சல் வேறு.

தோல் டாக்டரம்மா டப்பாவையும் என் முகத்தையும் பார்த்துவிட்டு, இதில் ஸ்டீராய்டு கலந்திருப்பார்கள் என்றார். மிதமான சோப்பால் இரண்டு வேளை கழுவு, கிள்ளாதே, எழுதித் தருகிற மருந்தை மட்டும் பூசு, இரண்டு மூன்று மாதம் பொறுமையாக இரு. ஓணத்துக்கு இன்னும் பத்து நாள்தான் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்: “மருந்துக் கடையில நின்னுக்கிட்டு மருந்தைச் சந்தையிலயா வாங்குவே?”

குடோன்

கெடு முடியும் முன்பே, ஓணத்துக்கு ஒரு வாரம் இருக்கையில் சேச்சியின் அண்ணன் மகள் கவுண்டருக்கு வந்தாள். உரித்த முட்டை மாதிரி முகம். நான் உள்ளே பெட்டி பிரித்தேன். எதிரே பிள்ளை எவ்வளவு மண் தின்றானோ.

மாரியக்கா குரல் கேட்டது. எட்டிப் பார்த்தேன், நெற்றிப் பட்டை பாதி காணோம். துணியைத் துவைத்திருக்கிறார்! கூடவே அதே பட்டையோடு புதிதாக நாலு பெண்கள். முட்டை முகத்துக்காரி அவர்கள் நெற்றியைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவளிடம் வாங்க மாட்டோம் என்று எல்லாரும் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். யார் கொடுத்தால் என்ன என்று சேச்சி கேட்டதற்கு மாரியக்கா சொன்னார்: “இதுக்கு என்ன தெரியும், ஒத்தப் பரு வந்துருக்கா? உள்ள இருக்கிற பருக்காரியக் கூப்பிடுங்க சேச்சி, அது சொல்லித்தான் துவைச்சேன், எடை ஒரு கிலோகூடக் குறையல!”

இப்போது மறுபடியும் கவுண்டரில் நின்று பிள்ளையைப் பார்க்கிறேன், தாடையும் சுத்தமாகிக்கொண்டு வருகிறது, ஆனால் வேலை நிலைக்க ஒரு பருவாவது மிச்சமிருக்கிறதா என்று தினமும் கண்ணாடியைத் திருப்பிப் பார்த்துக்கொள்கிறேன்.