நான் படிக்காமல் விட்ட நான்காம் பத்தி

எங்கள் தோட்டத்தில் பள்ளி இறுதியான ஐந்தாம் படிவம் முடித்த முதல் ஆள் நான். இதைச் சொல்ல எனக்கு அன்றும் கூச்சம் இருந்ததில்லை, இன்றும் இல்லை. மலேசியாவில் பந்திங்கிலிருந்து உள்ளே போகும் செம்மண் பாதையில் இருந்த அந்த எண்ணெய்ச் செம்பனைத் தோட்டத்தில், யார் வீட்டுக்கு எந்தக் கடிதம் வந்தாலும் அது என் கைக்கு வந்துவிடும். கிள்ளானில் ஒரு பலகைத் தொழிற்சாலை அலுவலகத்தில் தட்டெழுத்தாளர் வேலை கிடைத்த பிறகு என் மதிப்பு இன்னும் கூடிவிட்டது. பெரியவர்கள்கூட முதலில் என்னிடம் கேட்டுவிட்டுத்தான் தோட்டக் கணக்கெழுதும் கிராணியாரிடம் போவார்கள்.

எண்பதுகளின் நடுவில் தோட்டம் கை மாறியது. புதிய நிர்வாகம் பழக்குலை வெட்டும் வேலையை ஒரு கண்ட்ராக்டரிடம் கொடுத்துவிட்டது. அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வேனில் வந்து, வெட்டுக்காரர்கள் பன்னிரண்டு பேருக்கும் ஆளுக்கு இரண்டு பக்க ஒப்பந்தம் கொடுத்தார். எல்லாம் மலாயில் இருந்தது. கடைசியில் மூன்று கையெழுத்துக்கு இடம்: வேலை செய்பவர், கண்ட்ராக்டர், விளக்கிச் சொன்னவர்.

"படிச்ச பிள்ளை இருக்கே, அது சொல்லட்டும்" என்றார் கண்ட்ராக்டர்.

வேலைக்குப் போகும் பெண்கள் குழந்தைகளை விட்டுச் செல்லும் ஆயாக்கொட்டகை அன்று காலியாக இருந்தது. ஆண்கள் அங்கே தரையில் உட்கார்ந்தார்கள். என் அப்பா முன்வரிசையில் இருந்தார். நான் நின்றுகொண்டு படித்தேன். இனிமேல் யாரும் கூலி ஆள் இல்லை, எல்லாரும் சொந்தத் தொழில் செய்பவர்கள், வெட்டிய எடைக்குப் பணம் என்று விளக்கினேன்.

"அப்ப நானும் மொதலாளி, தவுக்கே லா" என்றார் பக்கத்து வீட்டு மாமா. "நாளைக்கு லீவு வேணும்னா யாருகிட்ட கேக்கறது?"

"ஒன்கிட்டயே கேளு. நீ குடுக்க மாட்ட, எனக்குத் தெரியும்" என்றார் பின்னால் இருந்தவர்.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அடுத்து வந்தது நான்காம் பத்தி. ஒன்பது வரி, ஒரே வாக்கியம். நடுவில் ஒரு சட்டத்தின் எண், அதை ஒட்டி நான் அதுவரை பார்த்திராத இரண்டு சொற்கள். மலாய்ப் பாடத்தில் பள்ளியிலேயே நல்ல புள்ளி வாங்கியவள் நான். இது புரியவில்லை என்று பன்னிரண்டு பேர் முன்னால் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"இது எல்லாத் தாள்லயும் வர்ற சட்டப் பேச்சு, பெரிசா ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டு ஐந்தாம் பத்திக்குப் போனேன். பிறகு பன்னிரண்டு தாளிலும், விளக்கிச் சொன்னவர் என்ற இடத்தில், அழகாகக் கையெழுத்துப் போட்டேன்.

அடுத்த ஆண்டு, அப்பா உயரமான மரம் ஒன்றில் குலை வெட்டிக்கொண்டிருந்தபோது மேலிருந்து சரிந்த மட்டையின் முள் அவருடைய இடது கண்ணில் ஏறியது. கிள்ளான் ஆஸ்பத்திரியில் பதினெட்டு நாள் இருந்தார். கண் போய்விட்டது. செம்பனை வெட்டுக்கு இரண்டு கண்ணும் வேண்டும். நீண்ட கழியின் நுனியில் கட்டிய அரிவாள் குலைக் காம்புக்கு எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்று ஒற்றைக் கண்ணால் கணிக்க முடியாது. அப்பா இரண்டு முறை முயன்று பார்த்தார். இரண்டாம் முறை அரிவாள் அவர் தோளுக்குப் பக்கத்தில் வந்து விழுந்தது.

கண்ட்ராக்டர் ஒரு டின் பால்மாவோடு வீட்டுக்கு வந்தார். "அங்கிள், நீங்க என் ஆள் இல்ல. தாள்ல இருக்கு, ஒங்க மகளே படிச்சுச் சொல்லியிருக்கு" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார்.

மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அலுவலக அகராதியை எடுத்து வைத்து நான்காம் பத்தியை முழுவதும் படித்தேன். பழைய நிர்வாகம் அரசின் தொழிலாளர் காப்பு நிதிக்கு மாதா மாதம் சம்பளத்தில் கொஞ்சம் பிடித்து, தன் பங்கையும் சேர்த்துக் கட்டி வந்தது. வேலையில் அடிபட்டு உழைக்க முடியாமல் போனால், உயிருள்ளவரை மாதப் பணம் வரும். சொந்தத் தொழில் செய்பவர் என்பதால் அந்தக் காப்பு இனி இல்லை, அடிபட்டால் அவரவர் பொறுப்பு. அந்த ஒன்பது வரி சொன்னது இதைத்தான்.

காப்பு நிதி அலுவலகத்துக்கு நானே மனு தட்டச்சு செய்து அனுப்பினேன். ஆறு வாரம் கழித்து விசாரணைக்கு அழைத்தார்கள். அலுவலகம் பெட்டாலிங் ஜெயாவில். எங்களை விசாரித்தவர் யாழ்ப்பாணத்துக்காரர், ஓய்வு பெறும் வயதில் இருந்த அதிகாரி. அப்பாவின் ஒப்பந்தத்தை மேசையில் விரித்து வைத்திருந்தார்.

"இதிலை விளக்கிச் சொன்னவர் எண்டு கையெழுத்து வைச்சது நீரோ?"

"ஆமாம் சார்."

"சந்தையிலை மரக்கறி விக்கிறவருக்கும் சொந்தக் காணியிலை பயிர் செய்யிறவருக்கும் இந்தச் சட்டத்திலை இடமில்லை. உம்மட அப்பா அந்தப் பக்கமோ, கூலிக்கு வேலை செய்யிற பக்கமோ எண்டதுதான் கேள்வி. எல்லாம் விளங்கித்தான் ஒப்பம் வைச்சார் எண்டால், அந்தப் பக்கம். விளங்கேல்லை எண்டால் தாளை ஒரு பக்கம் வைச்சிட்டு வேலையைப் பாப்பம். அரிவாள் ஆருடையது, நேரம் சொல்லுறது ஆர் எண்டு கேப்பம்." அப்பாவின் பக்கம் திரும்பினார். "இந்தப் பிள்ளை உமக்கு எல்லாம் வடிவாச் சொன்னதோ?"

அப்பா எழுந்து நின்றார். "எம் பொண்ணு எல்லாத்தையும் சரியாத்தான் சொன்னுச்சு சார். எனக்குத்தான் மறந்துபோச்சு."

அதிகாரி பேனாவை எடுத்தார். அதை அப்படியே எழுதியிருந்தால் எங்கள் மனு அந்த இடத்திலேயே முடிந்திருக்கும்.

"அப்பா சொல்றது சரியில்ல சார்" என்றேன். "நாலாவது பத்தி எனக்குப் புரியல. புரியலன்னு சொல்லாம விட்டுட்டேன். யாருக்கும் விளக்கல."

"புரியாமல் ஏன் ஒப்பம் வைச்சனீர்?"

"வெக்கமா இருந்துச்சு."

அவர் என்னைத் திட்டவில்லை. ஒரு வெள்ளைத் தாளைத் தள்ளி, "அதை உம்மட கையாலை எழுதும். மலாயிலை எழுதும்" என்றார். எனக்குப் புரியவில்லை என்பதைப் பிழையில்லாத மலாயில் எழுதிக் கொடுத்தேன்.

கிள்ளான் பஸ்ஸில் அப்பா சன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தார்.

"ஒரு ஆபீசர் முன்னால அப்படிச் சொல்லுவியா?"

"நெஜம்தானேப்பா."

"நெஜம் எனக்கும் தெரியும்" என்றார். "எனக்குப் படிக்கத் தெரியாது, எண்ணத் தெரியும். மத்த பத்திக்கெல்லாம் எவ்வளவு நேரம் பேசின? அது இருக்கறதுலயே பெரிய பத்தி. ஒரு மூச்சுல முடிச்சிட்ட."

"அப்ப ஏன் கையெழுத்துப் போட்டீங்க?"

"அத்தனை பேர் பாத்துக்கிட்டிருந்தாங்க" என்றார் அப்பா.

கடிதம் வர மூன்று மாதமானது. அரிவாள் கண்ட்ராக்டருடையது, வேலை நேரமும் வெட்டவேண்டிய மர வரிசையும் அவர் சொல்வது என்பதால் அப்பா கூலி ஆள்தான் என்று முடிவு செய்திருந்தார்கள். மாதப் பணம் வந்தது. அந்தக் கடிதம் வரும்வரை நான் காத்திருக்கவில்லை. என் கையெழுத்தோடு இன்னும் பதினோரு தாள்கள் இருந்தன. அந்தப் பதினோரு பேரில் யார்மேல் வேண்டுமானாலும் அடுத்த மட்டை விழலாம்.

விசாரணைக்கு அடுத்த ஞாயிறு காலையில் கிளம்பினேன். வரவேண்டாம் என்று நான் சொல்லியும் அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு பின்னால் வந்தார். முதலில் பக்கத்து வீடு. மாமா வாசலில் மோட்டார் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பாப்பா ஒண்ணு சொல்லணுமாம். அந்தக் கண்ட்ராக்ட் தாளை எடுத்துட்டு வா" என்றார் அப்பா.

நான் படிக்காமல் விட்டதைச் சொன்னேன். மாமா கேட்டுக்கொண்டே துணியை நான்காக மடித்தார்.

"பதினோரு வீட்டுக்கும் போய் இதைச் சொல்லப் போறியா?"

"ஆமா மாமா."

"அப்ப சீக்கிரம் படி லா. வெயில் ஏறிடும்" என்று சொல்லிவிட்டு, தாளை எடுக்க உள்ளே போனார்.