ஒட்டாத சதை

செல்லக்கனிக்கு ஆட்டுக்கிடாயின் வாடை ஆகாது. சாத்தான்குளத்தில் பிறந்து வளர்ந்த நாளிலேயே, தொழுவத்தில் கிடா நின்றால் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கமாட்டாள். அப்படிப்பட்டவளின் தூத்துக்குடி வீட்டுக் கொல்லையில், யுத்தம் உச்சத்தில் இருந்த வருஷம், ஒரு கறுப்புக் கிடாயைக் கொண்டுவந்து கட்டினார் அவள் புருஷன் மந்திரமூர்த்தி.

அவருக்குக் கருப்பட்டி வியாபாரம். பனங்காட்டு ஊர்களிலிருந்து வரும் கருப்பட்டியைச் சிப்பம் போட்டுத் தோணியில் கொழும்புக்கு அனுப்புவார். பிள்ளைகள் இரண்டுபேரும் கொழும்புக் கடையில் இருந்தார்கள். ஒருகாலத்தில் சிப்பத்தைத் தானே தோளில் தூக்கித் தோணியில் போட்டவர்தான். அறுபதைத் தாண்டியதும் சரக்கு அடுக்கும் கிட்டங்கியின் படி ஏறவே மூச்சு வாங்கியது. சுமை தூக்குகிறவர்கள் அண்ணாச்சி என்று கூப்பிடுவதை விட்டுப் பெரியவரே என்று கூப்பிட்டார்கள். அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

செல்லக்கனிக்கும் தலை நரைத்துத்தான் இருந்தது. அதற்காக அவள் ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை.

ஞானையா என்றொரு டாக்டர் அப்போது ஊருக்கு வந்திருந்தார். ரங்கூனில் பெரிய ஆஸ்பத்திரியில் இருந்தவர், ஜப்பான்காரன் குண்டு போட்டதும் தப்பி வந்தவர் என்று பேச்சு. கோட்டு போட்டிருந்தார். வீட்டுக்கு வந்து காப்பி குடித்துக்கொண்டே சொன்னார்:

“உடம்புங்கது சின்னச்சின்ன அணுவால கட்டுன வீடு அண்ணாச்சி. சுரப்பி ஓஞ்சு போச்சுன்னா அணு பூராவும் கிழடு தட்டிரும். இளங்கிடாயோட சுரப்பியில ஒரு துண்டு வச்சுத் தச்சுட்டா, எல்லாம் திரும்பத் துளுக்கும். சீமையில எத்தன துரைமாரு செஞ்சிருக்காங்க தெரியுமா?”

அவர் போனபின் செல்லக்கனி கேட்டாள். “எங்கன வச்சுத் தைப்பாராம்?”

கிடாயின் விரைத்துண்டைத் தன் விரைக்குள் வைத்துத் தைப்பதை மந்திரமூர்த்தி அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

“த்தூ! பேரன் பேத்தி எடுத்த மனுசன் பேசுத பேச்சா இது?”

“ஏளா, ஒனக்கு என்ன தெரியும்? வாய மூடு.”

பின்கட்டு அறையில்தான் அது நடந்தது. ஒரு எனாமல் பேசினை அவள்தான் கழுவிக் கொடுத்தாள். உள்ளே கிடாயின் கதறலும், பிறகு புருஷனின் முனகலும் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டன. டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, தைத்தது போக மிச்சமிருந்ததை வாழையிலைத் துண்டில் வைத்து நீட்டினார். “நல்லமிளகு போட்டு வறுத்துக் கொடுங்கம்மா. உள்ளயும் பலம் சேரணும்லா.”

அவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வறுத்தாள். அவர் ருசித்துத் தின்று, விரலையும் சூப்பினார். அந்தச் சட்டியைக் கொல்லைக் கல்லில் போட்டு உடைத்தாள்.

சில நாளில் தையல் போட்ட இடம் வீங்கிப் பழுத்தது. கட்டை அவிழ்த்துத் துணி மாற்றுவது செல்லக்கனியின் வேலை. சீழோடு அந்தக் கிடா வாடையும் சேர்ந்து வருவதாக அவளுக்குத் தோன்றியது. சோற்றில் கைவைத்தாலும் அதே வாடை. காய்ச்சலில் கிடந்த மனிதரோ கண்ணாடி கேட்டார். “பாருளா, கன்னத்துல ரத்தம் ஏறுது.” காய்ச்சலில் சிவந்த முகம் அது. டாக்டரைத் தேடி ஆள் அனுப்பினாள். மதுரைக்குப் போய்விட்டார் என்றார்கள்.

கடைசியில் அவளே குதிரை வண்டி பேசி, அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். அங்கிருந்த டாக்டர் அழுகின துண்டைச் சுரண்டி எடுத்தார். சீழை ஆற்றும் சல்ஃபா மாத்திரை கொடுத்தார். யுத்தத்தில் அது கிடைத்ததே பெரிய காரியம். “ஆட்டுச் சதை மனுசன் உடம்புல ஒட்டாதும்மா. வயசை யாரும் தச்சுத் திருப்ப முடியாது. இவர் பிழைச்சதே பெரிசு” என்றார்.

ஊருக்கு விரைவீக்கம் என்று சொல்லி அவர் மானத்தை அவள் காப்பாற்றினாள். அந்த மானத்தை வைத்துக்கொண்டு மந்திரமூர்த்தி செய்த காரியம்தான் அவளால் தாங்க முடியாமல் போனது. எழுந்து நடமாடத் தொடங்கியதும் மயிருக்கு மை பூசினார். நெஞ்சை நிமிர்த்திக் கிட்டங்கிக்குப் போனார். ஆளில்லாத இடத்தில் படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு, ஆள் கண்டதும் எழுந்து சிரித்தார். விரைவீக்கமெல்லாம் சும்மா, சுரப்பிதான் பிடித்துக்கொண்டது என்று நெருங்கின சேக்காளிகளிடம் காதோடு சொன்னார்.

அதைக் கேட்டு வந்தவர் உப்பளம் வைத்திருந்த செந்தூர்பாண்டி. அவருக்கு நடுக்குவாதம். டம்ளரைத் தூக்கினால் பாதி மேலெல்லாம் சிந்தும். அந்தச் சமயம் பார்த்து ஞானையாவும் கோட்டோடு திரும்பி வந்தார். மந்திரமூர்த்தி அவரை வரவேற்று நாற்காலி போட்டதைக் கண்ட செல்லக்கனிக்கு உடம்பு கூசியது. தன்னைச் சாகடிக்கப் பார்த்தவனோடு சிரித்துப் பேசுகிற வாய்!

அவள் முன்கட்டுக்கு வந்து நின்றாள். ஆண்கள் பேசும் இடத்துக்கு அவள் வந்தது அதுதான் முதல் தடவை.

“செந்தூர்பாண்டி அண்ணாச்சி, கேட்டுக்கிடுங்க. இவுகளுக்கு வச்ச துண்டு அழுகிப் போச்சு. சீழத் தொடச்சது இந்தக் கைதான். நம்பலன்னா வேட்டிய அவுத்துக் காட்டச் சொல்லுங்க.”

“ஏளா! உள்ள போ!” என்று கத்தினார் மந்திரமூர்த்தி.

“ஒட்டிக்கிட்டுதுன்னு நெஞ்சத் தொட்டுச் சொல்லுங்க, நான் போயிருதேன்.”

அவர் வேட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். ஞானையா பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். செந்தூர்பாண்டி நடுங்குகிற கையைத் தோள்துண்டுக்குள் மறைத்துக்கொண்டார். பிறகு மெதுவாகக் கேட்டார்: “இவருக்கு ஒட்டல. எனக்கு ஒருவேள ஒட்டலாம்லா, தங்கச்சி?”



செந்தூர்பாண்டி ஞானையாவைத் தேடி மதுரைக்கே போனார். திரும்பி வந்தது பிணம்தான். துட்டி வீட்டில் பெண்கள் நடுவே உட்கார்ந்திருந்த செல்லக்கனிக்கு, வாசலில் நின்று பேசிய புருஷனின் குரல் தெளிவாகக் கேட்டது.

“அவருக்கு வயசு கூடிப்போச்சு. கொஞ்சம் முந்தியே வச்சிருக்கணும்.”

அவள் எழுந்து, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் நடந்தே வீட்டுக்கு வந்து குளித்தாள். அதன்பின் மந்திரமூர்த்தி ஐந்தாறு வருஷம் இருந்தார். அவள் பொங்கி வைப்பாள், பரிமாறமாட்டாள். அவரே எடுத்துப் போட்டுத் தின்பார். ஏனென்று அவர் ஒருநாளும் கேட்கவில்லை.