சாமிக்கு வைத்த பழத்தில் ஒரு கேக்

வெள்ளிக்கிழமை சாமிக்கு வைத்த வாழைப்பழத்தைக் குப்பையில் போட எனக்கு மனசு வராது. செவ்வாய்க்குள் தோல் கறுத்துவிடும். அதை மசித்து கேக் சுடுவேன், மேலே சாக்லேட் ஐசிங். சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் அடுக்குமாடியில் அந்த மாடி முழுக்க மணக்கும். என் கணவருக்கு அது என்றால் உயிர்.

சிறுநீரகம் பழுதாகி அவருக்கு டயாலிசிஸ் தொடங்கியபோது, சாப்பிடக்கூடாதவற்றை எழுதிக் கொடுத்தார்கள். வாழைப்பழம், சாக்லேட் இரண்டுமே இருந்தன. பழத்தைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிடுவேன். இரண்டு வருடம் கேக்கே சுடவில்லை.

மகள் தன் இருபத்தொன்றாவது பிறந்தநாளுக்கு அந்தக் கேக்தான் வேண்டும் என்றாள். சுட்டேன். ஐசிங் கிளறும்போது அவர் பின்னால் வந்து நின்றார்.

"ஒரே ஒரு துண்டு. சாமி பழம் லா, ஒண்ணும் செய்யாது."

"சாமியா உங்களுக்கு டயாலிசிஸ் பண்ணுது? பேசாம போய் உக்காருங்க."

"சரி, துண்டு வேணாம். கரண்டிய மட்டும் நக்கிக்கிறேன்."

நீட்டிய கையில் பட்டென்று அடித்தேன். கரண்டியை சிங்கில் போட்டுக் குழாயைத் திறந்துவிட்டேன். "செத்துத் தொலைக்கணும்னா சொல்லுங்க, மொத்தத்தையும் நானே ஊட்டி விடறேன்!" என்றேன். என் வாய் அப்படி. பயம் வந்தால் எனக்குத் திட்டத்தான் தெரியும். அவர் சிரித்தார். எல்லாரும் கேக் சாப்பிட்டோம், அவர் கைதட்டிக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் டயாலிசிஸ் முடிந்து வரும்போது பஸ் ஸ்டாப்பில் மாரடைப்பு. வீட்டுக்கு வரவே இல்லை.

கருமாதிப் படையலில் அவருக்குப் பிடித்ததையெல்லாம் வைக்கச் சொன்னார்கள். பிடித்தவை எல்லாமே ஆஸ்பத்திரியில் கூடாதென்று எழுதிக் கொடுத்தவைதான். துக்க வீட்டில் சாமிக்குப் பழம் வைப்பதில்லை. தேக்கா சந்தையில் ஒரு சீப்பு வாங்கி, நாலு நாள் கறுக்கவிட்டுச் சுட்டேன். மகள் மெல்லிசாக ஒரு துண்டு வெட்டப் போனாள்.

"முழுசா வைடி," என்றேன்.

படையல் போட்டதும் கதவைச் சாத்திவிட்டு வெளியே நிற்பது எங்கள் வழக்கம். போனவர் வந்து சாப்பிடுவாராம். சொந்தக்காரர்கள் காரிடாரில் தள்ளி நின்று ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். நான் கதவில் நெற்றியை வைத்து, "சாப்பிடுங்க, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்," என்று கெஞ்சினேன்.

திறந்தபோது கேக் வைத்தபடியே இருந்தது. ஐசிங்கில் ஒரு விரல் தடமாவது இருக்கும் என்று நான் நிஜமாகவே நினைத்திருந்தேன்.