கேள்வியை மறைப்பவள்

என் மனைவியிடம் தப்பான பதில் சொல்லித் தப்பித்துவிடலாம். சரியான பதில் சொன்னால்தான் வம்பு. "எப்படிச் சொன்னீங்க?" என்று பிடித்துக்கொள்வாள்.

கல்யாணமான புதிதில் இது தெரியாமல் மாட்டிக்கொண்டேன். அவள் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். நான் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஆமா, நீ சொல்றதுதான் சரி" என்றேன். உலகத்துக் கணவர்களில் முக்கால்வாசிப் பேர் இந்த ஒரு வாக்கியத்தை வைத்துத்தான் குடித்தனம் நடத்துகிறார்கள்.

"நான் இன்னும் ஒண்ணுமே சொல்லலையே" என்றாள்.

"எப்படியும் சரியாத்தானே சொல்லுவே?"

"கேள்வியைக் கேக்காமலே பதில் சரியா வந்தா, புரிஞ்சு சொல்றீங்கன்னு அர்த்தமில்ல. என்ன சொன்னா நான் சும்மா இருப்பேன்னு பழகி வெச்சிருக்கீங்க."

அப்போது அவள் கம்ப்யூட்டருக்கு வாசிக்கக் கற்றுக்கொடுக்கும் வேலையில் இருந்தாள். ஒரு பத்தி, ஒரு கேள்வி, நாலு பதில். கம்ப்யூட்டர் சரியானதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒருநாள் அது எக்கச்சக்க மார்க் வாங்கிவிட்டது. ஆபீஸே கைதட்டிக்கொண்டிருக்க, இவள் மட்டும் பத்தியை அழித்துவிட்டுக் கேட்டிருக்கிறாள். அப்போதும் சரியான பதில். கேள்வியையும் அழித்தாள். அப்போதும் சரி! கடைசியில் குட்டு வெளிப்பட்டது. பதில்களை எழுதியவர்கள் சரியான பதிலைக் கவனமாக, நீளமாக எழுதிவிட்டு, மற்ற மூன்றையும் ஏனோதானோவென்று எழுதியிருந்தார்கள். கம்ப்யூட்டர் ஒரு வரியும் படிக்காமல் நீளமானதாகப் பார்த்துப் பொறுக்கியிருக்கிறது. சில வருஷம் கழித்து, எங்கள் மகளும் பள்ளிக்கூடத்தில் அதைத்தான் செய்துகொண்டிருந்தாள் என்பது தெரிந்தது. அந்த வாரம் வீட்டில் நடந்ததை இங்கே எழுதப் போவதில்லை.

அன்றிலிருந்து ஆபீஸில் அவள் பெயர் ரப்பர். யாராவது "நல்லா வந்திருக்கு" என்று வாயெல்லாம் பல்லாக வந்து நின்றால், ரப்பரை எடுத்துக்கொண்டு போய்விடுவாள்.

எனக்கு இதெல்லாம் ஓரளவு புரியும். நான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். முன்னால் உட்கார்ந்தவர் எழுத்துப் பலகையைப் படிக்கும்போது, பின்னால் காத்திருப்பவர் மனப்பாடம் செய்துவிடுவார். பிறகு கண்ணை மூடிக்கொண்டுகூட ஒப்பிப்பார். அவருக்குப் பார்வை நன்றாக இருக்கிறது என்று அனுப்பினால், வாசல்படியிலேயே தடுக்கி விழுவார்.

பிறகு அவள் உயிரியல் பக்கம் போனாள். "அதுவும் படிக்கிற வேலைதான்" என்றாள். புரதம் என்பது இருபது எழுத்துகளை மாற்றி மாற்றி எழுதிய ஒரு நீளமான வாக்கியமாம். ஒரு புரதத்தைப் பாக்டீரியாவுக்குள் செய்யவைத்தால், ஒன்று தண்ணீரில் நன்றாகக் கரையும், அல்லது திரிந்த பால் மாதிரி கட்டிதட்டி அடியில் உட்காரும். கட்டிதட்டினால் எதற்கும் உதவாது. எழுத்துகளைப் படித்தே எது கரையும் என்று முன்கூட்டிச் சொல்கிற கம்ப்யூட்டர், அதுதான் அவளுடைய புதுப் பிள்ளை.

அதன் பேச்சை நம்பிப் புரதம் செய்யக் காத்திருந்தவள், ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கும் ஒரு பெண். கையில் எப்போதும் கண்ணாடிக் குழாய் இருப்பதால் அவளைக் குழாய் என்று கூப்பிடுவோம். என் மனைவியை அக்கா என்பாள், என்னை அண்ணா என்பாள். அவளுடைய ஆராய்ச்சிக்காலம் முடியப்போகிறது. கம்ப்யூட்டர் தேர்ந்தெடுக்கும் புரதங்களுக்கு ஒரே ஒரு தடவைதான் ஆர்டர் போட முடியும். அதில் வந்தவை எல்லாம் கட்டிதட்டிவிட்டால் பட்டம் கிடையாது, மூட்டை கட்ட வேண்டியதுதான்.

அவள் அதிர்ஷ்டம், புதுப் பிள்ளை பிரமாதமாக மார்க் வாங்கியது. ஆய்வுக்குழுத் தலைவர் கேக் வாங்கிவந்தார். "இந்தக் கட்டுரை வெளிவந்தா உங்க வேலையை நீட்டிக்கிறது என் பொறுப்பு" என்று என் மனைவியிடம் சொன்னார். குழாய் துள்ளிக் குதித்தாள். திங்கட்கிழமை ஆர்டர் என்று முடிவாயிற்று.

அந்த ஒரு தடவை என் மனைவி ரப்பரை எடுக்கவில்லை. அடுத்தவர் பிள்ளை நல்ல மார்க் வாங்கினால் சந்தேகப்படுகிறவள், தன் பிள்ளை வாங்கியதும் தலைகால் புரியாமல் திரிந்தாள். எனக்கு அதைப் பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது. நானும் கேக் சாப்பிட்டேன்.

சனிக்கிழமை காலை அவள் கட்டுரையின் முடிவுரையை எழுத உட்கார்ந்தாள். "இந்த இயந்திரம் புரத மொழியைப் புரிந்துகொண்டது" என்று எழுதினாள். அழித்தாள். மறுபடி எழுதினாள். 'புரிந்துகொண்டது' என்ற அந்த ஒரு சொல் அவளை உட்காரவிடவில்லை. நான் கடைக்குக் கிளம்பியபோது அவள் முகம் சரியில்லை.

மத்தியானம் கடைக்குள் நுழைந்தாள். நாற்காலியில் ஒரு பெரியவர் எழுத்துப் பலகையைப் படித்துக்கொண்டிருந்தார்.

"வாலைப் பாத்துச் சொல்லுதுங்க" என்றாள்.

"எது?"

"என் பிள்ளைதான்."

பெரியவர் கவலையாகத் திரும்பிப் பார்த்தார்.

விஷயம் இதுதான். புரதத்தைச் சுலபமாகப் பிடித்து வெளியே எடுக்க, ஆய்வுக்கூடங்களில் அதன் வாலில் ஒரே எழுத்தை வரிசையாகச் சேர்த்துவிடுவார்கள், வாளிக்குக் கைப்பிடி மாதிரி. நன்றாகக் கரைந்த புரதங்களை என் மனைவி ஒரு தொகுப்பிலிருந்து எடுத்திருக்கிறாள், அதில் கைப்பிடியோடு எழுதிவைத்திருந்தார்கள். கட்டிதட்டியவற்றை இன்னொரு தொகுப்பிலிருந்து எடுத்திருக்கிறாள், அதில் கைப்பிடியை விட்டுவிட்டு எழுதியிருந்தார்கள். அன்று காலை தலையையும் உடம்பையும் அழித்துவிட்டு வாலை மட்டும் காட்டியிருக்கிறாள். பிள்ளை அதே மார்க் வாங்கியிருக்கிறது. கைப்பிடி இருந்தால் கரையும், இல்லாவிட்டால் கரையாது, அவ்வளவுதான் அதற்குத் தெரிந்த புரத மொழி.

பெரியவரைக் கொஞ்சம் காத்திருக்கச் சொன்னேன். "தலைவர்கிட்ட சொன்னியா?"

"சொன்னேன். ஆர்டர் போகட்டும், அப்புறம் பாத்துக்கலாம், இப்ப எதுக்குக் குட்டையைக் குழப்பணும்கிறார்."

"அந்தப் பொண்ணுகிட்ட?"

"இனிமேதான்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எனக்கு வேலை போனா வேற தேடிக்கலாம். அவளுக்கு இது ஒண்ணுதான்."

கடையிலிருந்தே போன் செய்தாள். ஸ்பீக்கரில் போடாமலே குழாயின் குரல் எனக்கும், பெரியவருக்கும், அநேகமாக எதிர்க்கடைக்கும் கேட்டது. "எல்லாரோடதையும் அழிச்சு அழிச்சுப் பாப்பீங்களேக்கா, இதை மட்டும் ஏன் பாக்கல?"

"என்னோடதா இருந்ததால" என்றாள் என் மனைவி. எனக்கு அவள்மேல் அப்போது வந்த மரியாதையை இதுவரை அவளிடம் சொன்னதில்லை. சொன்னால் ஆதாரம் கேட்பாள்.

திங்கட்கிழமை ஆர்டர் போகவில்லை. குழாய் கெஞ்சிக் கூத்தாடி அதைக் கொஞ்சம் தள்ளிவைத்தாள். என் மனைவி எல்லா வால்களையும் வெட்டிவிட்டு, பிள்ளையை முதலிலிருந்து படிக்கவைத்தாள். மார்க் மளமளவென்று சரிந்தது. காசைச் சுண்டிப் பார்ப்பதைவிடக் கொஞ்சம் தேவலை, அவ்வளவுதான். அது தேர்ந்தெடுத்த புதுப் புரதங்களைத்தான் குழாய் ஆர்டர் செய்தாள், உம்மென்ற முகத்தோடு. தலைவர் கேக் பற்றிய பேச்சையே எடுக்கவில்லை. வேலை நீட்டிப்பு பற்றியும்தான்.

காத்திருந்த நாட்களில் என் மனைவி யாரையும் எதுவும் கேட்கவில்லை. மகள் பரீட்சையில் முழு மார்க் வாங்கிவந்தபோதுகூட, "சரி, சாப்பிடு" என்றாள். குழந்தை பயந்துபோய் என்னிடம் ஓடிவந்தது.

ஒரு மாலை, நான் கடையில் கண்ணாடிகளைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது வந்தாள். போனில் ஒரு படம். நாலு கண்ணாடிக் குழாய்கள். அடியில் ஏதோ எழுதியிருந்ததைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டாள்.

"என்ன தெரியுது? பாத்துச் சொல்லுங்க. என் கண்ணை என்னால நம்ப முடியல."

அவள் எந்தப் பதிலுக்காகத் தவிக்கிறாள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். இத்தனை வருஷம் வாய் கூசாமல் சொன்ன வாக்கியம் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டு, மேஜையிலிருந்த பூதக்கண்ணாடியை எடுத்தேன்.

"முதல்ல இருக்கிறது, அடியில வெள்ளையாக் கட்டி." பூதக்கண்ணாடியை நகர்த்தினேன். "ரெண்டாவதும் அப்படித்தான். மூணாவது..." அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன், "அதுவும்தான்."

நாலாவதைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு தடவை பார்த்தேன்.

"இதுல அடியில ஒண்ணுமே இல்ல. தண்ணி தெளிவா இருக்கு."

"எனக்காகச் சொல்றீங்களா?"

"உனக்காகச் சொல்றதா இருந்தா நாலுமே தெளிவா இருக்குன்னு சொல்லியிருப்பேனே!"

அவள் கட்டைவிரலை எடுத்தாள். கீழே குழாய் எழுதியிருந்தாள்: 'நாலாவது நம்மளைக் காப்பாத்திடுச்சுன்னு நினைக்கிறேன்க்கா. ஆனா நான் ரொம்ப ஆசைப்பட்டுப் பாக்குறேன். எதுவும் சொல்லாம அண்ணாகிட்ட காட்டிக் கேளுங்க.'

"அண்ணா பாத்துட்டுதான் சொன்னார்" என்று போனில் குழாயிடம் சொல்லிவிட்டு, என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள் என் மனைவி.