கேட்காமல் வைத்த சேனை

எங்கள் பக்கத்தில் பிறந்த குழந்தையின் நாக்கில் முதன்முதலாக ஒரு சொட்டுச் சர்க்கரைத் தண்ணீரைத் தொட்டு வைப்பார்கள். அதற்குச் சேனை வைப்பது என்று பேர். வைக்கிறவரின் குணம் பிள்ளைக்கு வரும் என்பதால் ஆள் பார்த்துத்தான் கூப்பிடுவார்கள். மேச்சேரிக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் என்னைக் கூப்பிட்டு வைக்கச் சொன்னவர்கள் பதினான்கு வீட்டார். சோம்பல் இல்லாதவள், யார் வாசலிலும் போய் நிற்காதவள் என்று என்னைச் சொல்வார்கள். நானும் இல்லை என்று மறுத்ததில்லை. அந்தப் பதினான்கில் ஒருவன் கல்யாணம் ஆன மூன்றாம் மாதமே பெண்டாட்டியை விட்டுவிட்டுத் திருப்பூருக்குப் போய்விட்டான். அவன் பிறந்த அன்றே என் சேனையைத் துப்பிவிட்டான், அதனால் அவன் என் பொறுப்பில் வர மாட்டான் என்று சொல்லிக்கொள்வேன்.

நான் பெற்றது மூன்று. முதல் இரண்டு பையன்களும் வீட்டிலேயே பிறந்தார்கள். மகள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிறந்தாள். ஒரு தையல் கிடையாது. மகள் பிறந்த அன்று காலையில் கூட நான் நிலக்கடலைக் காட்டில் இருந்தேன். இதைக் கேட்டவர்களுக்கும் சொல்லியிருக்கிறேன், கேட்காதவர்களுக்கும் சொல்லியிருக்கிறேன்.

மகளைத் திருச்செங்கோட்டுப் பக்கம் கொடுத்திருக்கிறது. மருமகன் ஆழ்துளைக் கிணறு போடுகிற ரிக் வண்டி வைத்திருக்கிறார். வருஷத்தில் பாதி நாள் வடக்கேதான் இருப்பார். மகள் உண்டானதும் செல்போனில் பார்த்துப் பார்த்து நிறையத் தெரிந்துகொண்டாள். மூச்சு விடப் பழகினாள், தினமும் நடந்தாள். குழந்தை பிறந்ததும் துடைக்கக்கூடச் செய்யாமல் தன் நெஞ்சில் போட வேண்டும், தன் சீம்பால்தான் அதன் வாயில் முதலில் பட வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கட்டுச்சோறு கொண்டுபோய் அவளைப் பிரசவத்துக்கு அழைத்து வரும் விருந்தில், அவள் மாமியார் வீட்டுச் சொந்தக்காரம்மா ஒருவர் என்னைக் காட்டி, சேனைக்கு வேறு ஆள் தேட வேண்டியதில்லை, வீட்டிலேயே இருக்கிறார் என்றார். நான் சிரித்தேன். மகள் பந்தியில் இருந்த எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"சேனையெல்லாம் யாரும் வெக்க வேண்டாங்க. எங்கம்மாளும் வெக்க வேண்டாம். பாலைத் தவிர ஒண்ணும் குடுக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காங்க."

நான் இலையைப் பார்த்துச் சாப்பிட்டு முடித்தேன். ஊருக்கே வைத்த கை பெற்ற மகளுக்கு வேண்டாமாகிவிட்டது என்று வண்டியில் வரும்போது நினைத்தேன். அவளிடம் சொல்லவில்லை.

நாள் குறித்ததற்குப் பதினைந்து நாள் முன்னாலேயே ஒரு நாள் விடியக்காலையில் வலி எடுத்துவிட்டது. மருமகன் ஒடிசாவில் இருந்தார். பக்கத்து வீட்டுக் காரில் சேலம் அஸ்தம்பட்டியில் அவள் பார்த்துக்கொண்டிருந்த ஆஸ்பத்திரிக்குப் போனோம். கிளம்பும்போது என் பையில் ஒரு சின்னச் சம்புடத்தில் சர்க்கரையும் வெள்ளைத் துணியில் திரித்த ஒரு திரியும் எடுத்து வைத்தேன். எதற்கு வைத்தேன் என்று யாராவது கேட்டிருந்தால் பழக்கம் என்று சொல்லியிருப்பேன். பழக்கம் இல்லை. வைக்க இடம் கிடைத்தால் வைப்பது என்றுதான் எடுத்து வைத்தேன்.

மகள் கத்தவில்லை. எனக்கு அது பெருமையாக இருந்தது. மதியம் தாண்டி இரண்டு மணி இருக்கும், டாக்டரம்மா வயிற்றில் கருவியை வைத்துக் கேட்டுவிட்டு முகம் மாறினார். குழந்தையின் துடிப்பு இறங்குகிறது, உடனே எடுக்க வேண்டும், முதுகில் ஊசி போட்டுக் காத்திருக்க நேரம் இல்லை, முழு மயக்கம் கொடுக்கிறோம் என்றார். ஒரு தாளை நீட்டினார்கள். நான் எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். படிக்கவில்லை, என் பேரை மட்டும் எழுதினேன். மகளைத் தள்ளிக்கொண்டு போகும்போது என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, நான் தூங்கிருவேனாமா. நீதான் பாத்துக்கோணும். நான் சொன்னதெல்லாம் ஞாபகம் வெச்சுக்கோ."

"சரி சாமி," என்றேன்.

அவள் உள்ளே போய்க் கொஞ்ச நேரத்திலேயே கதவு திறந்தது. நர்ஸ் பெண் ஒரு துணிச் சுருளைக் கொண்டுவந்து, பொண்ணு, பாட்டி, நல்லா இருக்குது, எடை எழுதிட்டு வந்து வாங்கிக்கறேன் என்று என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். மகள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். தையல் போடுகிறார்கள், பயமில்லை என்றாள்.

அந்த இடத்தில் நானும் குழந்தையும்தான். நாற்காலியில் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டேன். ஆறவைத்த தண்ணீர் பாட்டிலில் இருந்தது. அதன் மூடியில் கொஞ்சம் ஊற்றிச் சர்க்கரையைக் கரைத்துத் திரியை நனைத்து நாக்கில் தொட்டு வைத்தேன். மகள் சொன்னது ஞாபகம் இல்லாமலும் இல்லை. நர்ஸ் திரும்பி வருவதற்குள் மூடியைத் துடைத்துப் பாட்டிலில் போட்டுவிட்டேன்.

மகளுக்கு நினைவு வரச் சாயங்காலம் ஆகிவிட்டது. குழந்தையைப் பக்கத்தில் போட்டார்கள். பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரி பிள்ளையைப் பார்ப்பது போல அவள் அதைப் பார்த்தாள். நர்ஸ் உதவி செய்து பால் குடிக்க வைத்தாள். அது வாய் வைத்து இழுக்கத் தொடங்கிய பிறகு மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"இதுக்கு முன்னால ஒண்ணும் குடுக்கலையில்ல?"

"ஒண்ணும் குடுக்கலை."

வீட்டுக்கு வந்த பிறகு பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் பேசினார்கள். வலி தாங்கவில்லையா என்றார்கள். இந்தக் காலத்துப் பெண்களுக்குத் தெம்பு இல்லை என்றார்கள். பக்கத்து வீட்டுக்காரி என்னிடமே வந்து, "உங்க ஊட்டுல ஆப்ரேசன்னா நம்பவே முடியலீங்க்கா," என்றாள். அவளிடம் நான் நிலக்கடலைக் காட்டுக் கதையைப் பல தடவை சொல்லியிருக்கிறேன். குழந்தை கழுத்தில் கொடி சுற்றியிருந்தது என்று சொல்லிவைத்தேன். கொடி சுற்றவில்லை.

மகள் முதல் இரண்டு வாரம் அழுதாள். சத்தம் இல்லாமல், பாத்திரம் நிறைந்து வழிகிற மாதிரி அழுவாள். "நான் பெக்கல. தூங்கி எந்திரிச்சேன், ஒரு புள்ளையக் கையில குடுத்தாங்க," என்பாள். சிரித்துக்கொண்டே சொல்கிற நாளும் உண்டு, அது இன்னும் மோசமாக இருக்கும். மருமகன் மூன்றாம் நாளே ஓடி வந்து ஒரு வாரம் இருந்தார். வண்டி அங்கே நின்றதால் திரும்பிப் போக வேண்டியதாகிவிட்டது.

பார்க்க வருகிறவர்களிடம் மகள் கடைசியில் ஒன்று மட்டும் சொல்வாள். "எல்லாம் டாக்டருங்கதானுங்க பண்ணுனாங்க. ஆனா இவ வாயில முதல்ல பட்டது என்ற பாலு." அதைச் சொல்லும்போது அவள் முதுகு நிமிரும். நான் அந்த நேரத்தில் காப்பி வைக்கப் போய்விடுவேன். ஆஸ்பத்திரியிலேயே சொல்லியிருந்தால் ஒரு திட்டோடு போயிருக்கும். இப்போது அவள் பிடித்து நிற்க இருந்தது அது ஒன்றுதான். அதுவும் நிஜம் இல்லை என்று எனக்கு மட்டும் தெரியும்.

இன்னொன்றும் நடந்தது. அவள் தூங்கிய நேரத்தில் என்ன நடந்தது என்று என்னிடம் கேட்டுக்கொண்டே இருந்தாள். அழுதுகொண்டு வந்ததா, கண் திறந்திருந்ததா, முதலில் என்ன செய்தது. எனக்கு எல்லாம் தெரியும். ஆனால் சொல்ல ஆரம்பித்தால் திரி நடுவில் வந்துவிடும். அதனால் அழுதது, துணியில் சுற்றிக் கொடுத்தார்கள் என்று முடித்துவிடுவேன். அவள் ஒன்பது கேட்பாள், நான் ஒன்றுக்குப் பதில் சொல்வேன்.

நாற்பது நாள் கழிந்திருந்தது. காலையில் குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். மகள் வெந்நீர் எடுத்து ஊற்றினாள். பேச்சு எப்படியோ பக்கத்து வீட்டுக்காரியின் பேரன் பிறந்த கதைக்குப் போனது. அந்தப் பையனுக்கும் நான்தான் சேனை வைத்தேன். அவன் தலை திரும்பி வந்ததை, நான் மருத்துவச்சிக்கு விளக்குப் பிடித்ததை எல்லாம் ஒன்று விடாமல் சொன்னேன். மகள் செம்பைக் கீழே வைத்தாள்.

"ஊராங்க ஊட்டுப் புள்ள வந்தது இத்தனை தெரியுது. என்ற புள்ள வந்தது மட்டும் ரெண்டு வார்த்தை. உனக்கு இது ஒரு பிரசவமே இல்லை. உனக்கு அவமானம். அதான் சொல்ல மாட்டேங்கற."

அவமானம் இருந்தது. அதில் பாதி அவள் நினைத்தது, பக்கத்து வீட்டுக்காரி முன்னால் பட்டது. மீதி அவளுக்குத் தெரியாது. பேசாமல் இருந்திருந்தால் அவள் அப்படியே நம்பிக்கொண்டிருப்பாள். பெற்ற தாய்க்கே இது பிரசவமாகத் தெரியவில்லை என்று ஒருத்தி நம்புவது, சேனையைவிடப் பெரிய குற்றமாக எனக்குப் பட்டது. குழந்தையைத் துவட்டி அவள் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னேன்.

"நான் சேனை வெச்சேன் அம்மிணி. நீ மயக்கத்துல இருக்கையில. ஒண்ணும் குடுக்கலைன்னது பொய்."

அவள் என்னைத் திட்டவில்லை. "எனக்கு அது ஒண்ணுதான் இருந்துச்சு," என்றாள். குழந்தையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

நாலு நாள் பேச்சு இல்லை. சாப்பாடு போட்டேன், சாப்பிட்டாள். குழந்தையை என்னிடம் கொடுப்பாள், வாங்கிக்கொள்வாள், முகம் பார்க்க மாட்டாள். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. எனக்கு அது வராது. என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்தவரை அவரிடமும் கேட்டதில்லை. ஆனால் அந்த நாலு நாளும் நான் வேறு யார் வீட்டுக்கும் போகவில்லை. அவள் எப்போது கேட்டாலும் பதில் சொல்லப் பக்கத்திலேயே இருந்தேன்.

ஐந்தாம் நாள் மருமகன் வந்தார். மகள் அவரிடம் சொல்லியிருப்பாள் போல. அவர் நல்ல மனசுக்காரர். இருவருக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு, "சக்கரைத் தண்ணிதானுங்களே அத்தை, விசமா வெச்சீங்க," என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. மகள் அவர் பக்கம் திரும்பினாள்.

"ஏனுங்க, நீங்க ஒரு போர் போட்டுட்டு வந்தா எத்தனை அடியில செம்மண்ணு, எத்தனை அடியில பாறை, எத்தனை அடியில ஈரம் வந்துச்சுன்னு அடி அடியாச் சொல்லுவீங்க. ஊரான் காட்டுத் தண்ணிக்கு. என்ற வயித்துல இருந்து வந்த புள்ள கதை எனக்கு ஒரு அடி தெரியாதுங்க. எனக்கு சக்கரை பெருசில்ல."

அவள் என்னைப் பார்த்தாள். நாலு நாளுக்குப் பிறகு அப்போதுதான் முகத்தைப் பார்த்தாள்.

"சொல்லு. கதவு தொறந்ததுல இருந்து சொல்லு. நீ பண்ணுனதையும் உடாமச் சொல்லு."

சொன்னேன். கதவு பாதிதான் திறந்தது, நர்ஸ் தோளால் தள்ளிக்கொண்டு வந்தாள் என்பதிலிருந்து சொன்னேன். துணி வெளிர்ப் பச்சை. இடது காதுக்குப் பின்னால் வெள்ளையாக மாவு போல ஒட்டியிருந்தது. வலது கண் மட்டும் திறந்திருந்தது, இடது கண் ஒட்டிக்கொண்டிருந்தது. அழுகை வெளியே வரும்போதே நின்றுவிட்டது, உதடு மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. ஒரு கை துணிக்கு வெளியே வந்து என் சேலை முந்தானையில் படிந்தது. திரியைத் தொட்டதும் நாக்கு வெளியே வந்து உள்ளே போனது, முகத்தைச் சுளித்தது, பிறகு மறுபடியும் நாக்கை நீட்டியது. நீட்டியதைப் பார்த்தும் நான் இரண்டாவது சொட்டு வைக்கவில்லை. ஏன் வைக்கவில்லை என்று மகள் கேட்டாள். அப்போதுதான் நீ சொன்னது உறைத்தது என்றேன். அது உண்மை.

இரண்டாம் தடவை எதைத் தேடி நாக்கை நீட்டியது என்று கேட்டாள். சாயங்காலம் உன் பாலுக்கும் அப்படித்தான் நீட்டியது, நீயே பார்த்தாய் என்றேன். அவள் அழுதாள். இந்தத் தடவை சத்தம் இருந்தது. மருமகன் எழுந்து வெளியே போய் நின்றுகொண்டார்.

அதற்குப் பிறகு தினமும் ஒரு தடவை கேட்பாள். துணி கைத்தறியா மில் துணியா, நர்ஸ் வளையல் போட்டிருந்தாளா, தனக்குத் தையல் போட்டுக்கொண்டிருந்தபோது உள்ளே யாராவது பேசினார்களா. தெரிந்ததைச் சொன்னேன். தெரியாததைத் தெரியாது என்றேன். ஒரு நாள் காதுக்குப் பின்னால் ஒட்டியிருந்த வெள்ளையைச் சொல்ல மறந்துவிட்டேன். "மாவு," என்று அவளே எடுத்துக் கொடுத்தாள்.

என்னை மன்னித்தாளா என்று எனக்குத் தெரியாது. சேனை வைத்தது தப்பு என்று இன்றைக்கும் சொல்கிறாள். எனக்குச் சேனை தப்பாகத் தெரியவில்லை. அவளுக்குச் சரி என்று சொல்லிவிட்டு வைத்தது தப்பு. இந்த இடத்தில் எங்கள் இருவருக்கும் ஒத்துவரவில்லை, அப்படியே இருக்கிறது.

போன மாதம் அவளோடு வேலை பார்க்கிற பெண் ஒருத்தி குழந்தையைப் பார்க்க வந்தாள். ஆப்ரேசனா என்று அவளும் கேட்டாள். பாலைப் பற்றி மகள் ஒன்றும் சொல்லவில்லை. கதவு பாதி திறந்ததிலிருந்து ஆரம்பித்தாள். பச்சைத் துணி, ஒட்டிய கண், முந்தானையில் பட்ட கை, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். என் பக்கம் கையைக் காட்டி, "அப்ப இவங்க எனக்குத் தெரியாமச் சேனை வெச்சுப்போட்டாங்க," என்றாள். வந்த பெண் என்னைப் பார்த்தாள்.

"ஆமாங்க, வெச்சேன்," என்றேன்.

மகள் அதோடு நிறுத்தவில்லை. நாக்கு வெளியே வந்தது, உள்ளே போனது, மறுபடியும் வந்தது என்று தன் நாக்கை நீட்டிக் காட்டினாள். கேட்டுக்கொண்டிருந்த பெண், மகள் தன் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறாள் என்றே நினைத்திருப்பாள். நான் திருத்தவில்லை.