பாலத்தின் நடுவில் நான்கு நிமிடம்

அறுபதுகளின் தொடக்கத்தில் நான் ரயிலில் டிக்கெட் பரிசோதகனாக இருந்தேன். ராமநாதபுரத்தில் ஏறுவேன், மண்டபத்தில் பெட்டி மாறுவேன், பாம்பன் பாலத்தைத் தாண்டி ராமேஸ்வரத்தில் இறங்குவேன். அதற்குள் எட்டு வருடம் இப்படியே போயிருந்தது. ஒருநாள் காற்று பலமாக அடித்ததால் வண்டியைப் பாலத்தின் மேல் சிறிது நேரம் நிறுத்தினார்கள். கதவருகே நின்றிருந்த எனக்குத் திடீரென்று நெஞ்சை அடைத்தது, கை மரத்துப்போனது. இதோ சாகப்போகிறேன் என்றே நினைத்தேன். வண்டி பாம்பனில் நின்றதும் எல்லாம் சரியாகிவிட்டது.

மறுநாளும் அதே இடத்தில் அதே மாதிரி வந்தது. அதன்பிறகு மண்டபம் நெருங்கும்போதே கால் நடுங்கும். தேவிபட்டினத்துக்காரரான கார்டு ஒருவர் எனக்காகப் பேசி, பாலத்துக்கு இந்தப் பக்கமே எனக்கு வேலை வாங்கித் தந்தார். காரணம் கேட்டவர்களிடம் வயிற்றுவலி என்றேன். ஆனாலும் வீட்டில்கூட நடுக்கம் வந்தது. உள்ளூர் டாக்டர் இதயத்தில் கோளாறு இல்லை என்று இரண்டு முறை சொன்னார். மூன்றாம் முறை போனபோது, மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியின் மனநோய்ப் பிரிவுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

அந்தச் சீட்டை ஒரு மாதம் சட்டைப் பைக்குள்ளேயே வைத்திருந்தேன். துவைக்கப்போன மனைவி எடுத்துப் படித்துவிட்டாள்.

“கிறுக்கன்னு சொல்றவன் சொல்லிட்டுப் போறான். நீங்க நடுங்குறத நாந்தான தினமும் பாக்குறேன். வாங்க, நானும் வாரேன்” என்றாள்.

கரண்டு வைப்பார்கள், கட்டிலில் கட்டிப்போடுவார்கள் என்றெல்லாம் எண்ணிக்கொண்டுதான் போனேன். அந்த அறையில் கட்டிலே இல்லை. ஒரு மேஜை, இரண்டு மர நாற்காலி, சத்தம் போடும் மின்விசிறி. டாக்டருக்கு என்னைவிடப் பத்து வயதாவது குறைவாக இருக்கும். இந்தப் பையனிடமா என்று எனக்குத் தோன்றியது. நான் இங்கே சொல்வது எதுவும் என் அனுமதி இல்லாமல் ரயில்வே ஆபீசுக்குப் போகாது என்பதை அவர் முதலிலேயே தெளிவாகச் சொன்னார். வாரம் ஒருமுறை வர வேண்டும், சில மாதம் ஆகலாம், சில நாள் வந்ததைவிட மோசமாக வீடு திரும்புவீர்கள், அதற்காக நின்றுவிட வேண்டாம் என்றார். பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியையே பார்த்தேன். கடைசியில் பாலத்தைப் பற்றிச் சொல்ல வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது. அன்று அரை மணி நேரத்தில் நான் சொன்னது நாலைந்து வாக்கியம் இருக்கும்.

அவர் சொன்னபடியே இரண்டாம் வாரம் மோசமாகத்தான் போனது. வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்தேன். இனிப் போவதில்லை என்றேன். அடுத்த வாரம் மனைவி எனக்கு முன்னால் கிளம்பி வாசலில் நின்றாள்.

அன்றுதான், யாரிடமும் சொல்லாததை டாக்டரிடம் சொன்னேன். வண்டி பாலத்தில் நின்ற அந்த நேரத்தில், கதவைத் திறந்து கடலில் குதித்துவிடுவேனோ என்று எனக்குத் தோன்றியிருந்தது. சாக வேண்டும் என்ற ஆசை எனக்கு ஒருநாளும் இருந்ததில்லை. அப்படியிருந்தும் அந்த நினைப்பு ஏன் வந்தது? கேட்டதும் அவர் முகம் மாறும் என்று காத்திருந்தேன். மாறவில்லை. அவர் சில கேள்விகள் கேட்டார், பதிலை நிதானமாகக் கேட்டுக்கொண்டார்.

“குதிச்சிருவமோன்னு பயப்படுறவர் நீங்க. குதிக்கணும்னு நினைக்கிறவர் இல்ல. இந்தப் பயம் நிறையப் பேருக்கு வருது, வெளிய சொல்றதில்ல” என்றார்.

ஒரு வருடமாக நெஞ்சில் கிடந்தது அன்று இறங்கியது. திரும்பி வரும் வழியில் மனைவியிடமும் அதைச் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்தபடி ராமநாதபுரம் வரை வந்தாள்.

பிறகு டாக்டர் வேலை கொடுக்க ஆரம்பித்தார். முதலில் மண்டபம் ஸ்டேஷனில் நின்று, வண்டி பாலத்தில் ஏறும்வரை பார்த்துவிட்டு வர வேண்டும். அது பழகியபின் மனைவியோடு பாலத்தைத் தாண்ட வேண்டும். பயம் வந்தால் துரத்தக் கூடாது, எவ்வளவு நேரம் இருக்கிறது என்று கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். பார்த்தேன். பாலத்தின் நடுவில் நெஞ்சு அடித்துக்கொண்டது, வேர்த்தது, நான்கு நிமிடத்தில் தானாக அடங்கியது. வண்டி இன்னும் தண்ணீருக்கு மேலேதான் போய்க்கொண்டிருந்தது. அப்போது நான் சிரித்ததைப் பார்த்து எதிரே இருந்த யாத்திரிகர்கள் குழம்பிப்போனார்கள்.

அடுத்து தனியாகப் போனேன். அதற்கடுத்த மாதம் பழைய வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். முதல் நாளே மண்டபத்தில் ஏறிய ஒருவரிடம் டிக்கெட் இல்லை. டிக்கெட் மைத்துனரிடம் இருக்கிறது, மைத்துனர் முன் பெட்டியில் இருக்கிறார் என்றார். மைத்துனர் பேரைக் கேட்டால் முழித்தார். விடாமல் அவரோடு வாதாடிக்கொண்டிருந்தேன். வண்டி நின்றது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பாம்பன். பாலம் வந்ததும் எனக்குத் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. அந்த மனிதருக்கு அபராதம் போடக்கூட எனக்கு மனம் வரவில்லை, ஆனாலும் போட்டேன்.

ராமேஸ்வரத்தில் இறங்கியதும் அந்தத் தேவிபட்டினத்துக் கார்டு ஓடி வந்து என் தோளைப் பிடித்தார். வயிற்றுவலி தீர்ந்ததா என்று கேட்டார். வயிற்றுவலியே இல்லை, மதுரையில் மனநோய் டாக்டரைப் பார்த்தேன் என்று, பிளாட்பாரத்தில் நாலு பேர் நிற்கும்போதே சொன்னேன். அவர் என்னைக் கொஞ்சம் தள்ளி அழைத்துப்போனார்.

“அண்ணே, என் தங்கச்சி பிள்ளை பெத்ததுலருந்து யார்கிட்டயும் பேசமாட்டேங்குறா. அந்த டாக்டர் எங்கன இருக்காரு? என்ன செய்வாரு?”

தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் உட்கார்ந்து அவருக்கு எல்லாவற்றையும் சொன்னேன்.